இரவல் துடிப்பு

என் இதயம் சிங்காநல்லூரில் செய்தது. தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டார் பம்பு செய்து பழகிய ஊர், கடைசியில் மனுஷ நெஞ்சுக்கும் ஒன்று செய்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு டைட்டானியக் கூடு, அதற்குள் ஒரே ஒரு சுழலி. ஒரு விஷக்காய்ச்சல் வந்து என் சொந்த இதயத்தைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டுப் போனபோது எனக்கு வயது முப்பத்தொன்று. அப்போது பொருத்தினார்கள். மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை. ராத்திரி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தால் தோல் வழியாகவே சார்ஜ் ஏறிவிடுகிறது.

ஒரே ஒரு விஷயம், அது துடிப்பதில்லை. சுழலி நிற்காமல் சுற்றுகிறது, ரத்தம் நிற்காமல் ஓடுகிறது, திறந்துவிட்ட குழாய் மாதிரி. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி கிடைக்காது. பல் பிடுங்கப் போன இடத்தில் ஒரு நர்ஸ் அலறியே விட்டாள். கழுத்தில் போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு டாலர் கொடுத்திருக்கிறார்கள். ‘நாடி இருக்காது. உயிருடன் இருக்கிறார்’ என்று அதில் பொறித்திருக்கும். நான் அதைக் கைப்பையின் அடியில் போட்டு வைத்திருக்கிறேன். ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு ‘மோட்டார்’ என்று பெயர். ‘அந்தப் பொண்ணு மோட்டாரு’ என்று பேருந்தில் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சு அசையாதவர்களுக்குப் பாசமும் இருக்காது என்று நினைக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

பழைய இதயம் இருந்த காலத்தில், பயம் முதலில் நெஞ்சுக்குத்தான் வரும். அது தடதடவென்று அடித்துக்கொள்ளும்போதுதான், ஓ, பயந்துவிட்டேன் என்று எனக்கே தெரியும். சந்தோஷமும் அப்படித்தான். இப்போது தெருநாய் துரத்தினால் ஓடுகிறேன், ஆனால் நெஞ்சுக்குள் ஏரித் தண்ணீர் மாதிரி ஓர் அமைதி. பயந்தேனா, பயப்படவேண்டிய நேரம் என்று தெரிந்துகொண்டு ஓடினேனா? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

திருக்குமரன் வந்த பிறகு அந்தக் கேள்வி பெரிதாகிவிட்டது.

நான் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அவர் கணபதியில் பம்பு கம்பெனி வைத்திருப்பவர். தண்ணீரில் உப்பு அதிகமானால் பம்பு அரித்துப்போகும் என்று கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாவது தடவையும் பாட்டிலோடு வந்தார். மூன்றாவது தடவை பாட்டில் இல்லாமல் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் நான்கு மாதம், வேலை முடிந்ததும் பேக்கரியில் டீயும் பன்னுமாகப் போனது. ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன ஆபரேஷன் என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் பன் நன்றாக இருந்தது.

வீட்டில் சொன்னோம். இரண்டு வீட்டிலும் சரி என்றார்கள். அப்புறம் வந்தது அந்த வார்த்தை.

“ஞாயித்துக்கிழமை துடிப்புப் பாக்க வர்றாங்களாம்,” என்றாள் அம்மா, முகம் வெளுத்து.

துடிப்புப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் இப்போது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். பெண்ணுக்கும் பையனுக்கும் கையில் ஒரு பட்டையைக் கட்டி, கூடத்து டிவியில் இரண்டு கோடு ஓடவிடுவார்கள். பெண்ணுக்குச் சிவப்பு, பையனுக்குப் பச்சை. ஒருவரையொருவர் பார்க்கும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது என்று சொந்தக்காரர்கள் மிக்சர் சாப்பிட்டபடி பார்ப்பார்கள். தொண்ணூறு தாண்டினால் பிடித்திருக்கிறது. நூறு தாண்டினால் அமோகம். நூற்றிருபது தாண்டினால் ஏற்கெனவே எங்கோ பேசிப் பழகியிருக்கிறார்கள். ஏதோ ஒரு கல்யாண ஆப் ஆரம்பித்து வைத்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதைப் பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

“மோட்டார்னு தெரிஞ்சா அந்தம்மா வாசப்படி ஏறமாட்டாங்க,” என்றாள் அம்மா. அந்தம்மா என்றால் திருக்குமரனின் அம்மா பிரேமலதா. புருஷன் போன பிறகு பட்டறையைத் தனியாக நடத்தியவர். ஒரு பார்வையிலேயே ஆளை எடை போடுவார் என்று பேச்சு.

“நான் அவர்கிட்டச் சொல்லிடறேன்மா.”

“கல்யாணம் முடியட்டும், அப்புறம் சாவகாசமா சொல்லு.”

“அதுக்குப் பேரு ஏமாத்தறது.”

“பேரு எதுவா இருந்தா என்னடி? எனக்கு நீ ஒரு வீட்டுல வாழணும்.”

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

வழி சொன்னவள் என் தங்கை அபி. மறுநாள் இரண்டு பேரும் என் இதயத்தைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அதை மாதாமாதம் பார்க்கும் ஜெசிந்தா, அபி சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“வாரத்துக்கு ரெண்டு பேர் இதுக்கே வர்றாங்க, அக்கா. துடிப்பு வர வைக்கலாம். சுழலியைக் கொஞ்சம் மெதுவாக்கி, கொஞ்சம் வேகமாக்கி, மாத்தி மாத்தி ஓட்டினா நாடி மாதிரியே அடிக்கும். ஆனா எப்ப ஏறணும் எப்ப எறங்கணும்னு அதுக்குத் தெரியாது. உங்க பழைய இதயத்துக்கு வந்துட்டிருந்த நரம்பெல்லாம் ஆபரேஷன்ல வெட்டியாச்சு. நாள் பூரா எழுபதுலயே நிக்கும்.”

“அப்ப மாட்டிக்குவோமே,” என்றாள் அபி.

“அதுக்குத்தான் இரவல் இருக்கு. இன்னொருத்தர் கையில ஒரு பட்டை கட்டிக்கணும். அவங்க நெஞ்சு எப்படி அடிக்குதோ அப்படியே அக்கா பம்பும் அடிக்கும். ஒரு அறை தள்ளி இருந்தாப் போதும். ரொம்பத் தூரம் போனா தொடர்பு விட்டுரும், பம்பு பழையபடி ஓட ஆரம்பிச்சுரும். பயப்பட ஒண்ணுமில்ல.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா ஒண்ணு. அவங்களுக்கு என்ன ஆகுதோ அது உங்களுக்குள்ள ஆகும்.”

“இது இல்லாம எனக்குள்ள எதுவுமே ஆகாதா, ஜெசி?”

அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா? பம்பு வெறும் பம்பு. ரத்தத்துல பாதிக்கு மேல எங்க நிக்குது தெரியுமா? திரும்பி வர்ற குழாய்ங்கள்ல, சிரையில. சும்மா தேங்கி நிக்கும். பயந்தாலோ ஆசைப்பட்டாலோ அந்தக் குழாயெல்லாம் இறுகும், ரத்தம் திமுதிமுன்னு திரும்பி வரும். அந்த நரம்பை யாரும் வெட்டலியே.”

அன்றைக்கு அது என் காதில் சரியாக ஏறவில்லை. அபி பட்டையைக் கட்டிக்கொண்டு, “அக்கா, இப்பப் பாரு,” என்று நின்ற இடத்திலேயே குதித்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு என் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அபிக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கூடத்தை ஒட்டிய அறையில் வைத்தோம். நான் காதுத் தொங்கட்டானைத் தொட்டால், கதவு இடுக்கு வழியாகப் பார்த்துத் தோப்புக்கரணம் போடவேண்டும் என்று ஏற்பாடு.

அவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பிரேமலதா அம்மாள் உட்காருவதற்கு முன்பே மகனின் சட்டைப் பையைப் பார்த்துவிட்டார்.

“ஏன்டா, பொண்ணு பாக்க வர்றப்பக்கூடவா ஸ்குரூ டிரைவரு?”

“பழக்கம்மா.”

“உங்கப்பனும் இப்படித்தான் தாலி கட்ட வந்தாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். பட்டைகளைக் கட்டினார்கள். டிவியில் சிவப்பும் பச்சையும் ஓட ஆரம்பித்தன. நான் காபித் தட்டோடு வந்து, திருக்குமரன் முன்னால் குனிந்தபோது காதைத் தொட்டேன். அறைக்குள் அபி உட்கார்ந்து எழ, என் நெஞ்சு எகிற ஆரம்பித்தது. எண்பது. தொண்ணூறு. நூற்றி நாலு.

“அமோகம்!” என்றார் அவருடைய மாமா சுரேந்திரன். இந்த மாதிரி வீட்டுக்கு ஒருவர் இருப்பார், எதையும் கைதட்டித்தான் சொல்வார்.

வெட்கமாக இருந்தது, இதமாகவும் இருந்தது. நெஞ்சு அடிக்க அடிக்க, ஆமாம், இவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது. இவ்வளவு எளிதா? தங்கை தோப்புக்கரணம் போட்டால் எனக்குக் காதல் வந்துவிடுமா?

அப்புறம் சுரேந்திரன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளைப் பையனின் குணநலன்களைப் பற்றிப் பேச எழுந்தார். அவர் இரண்டாவது வாக்கியத்தில் இருந்தபோது அறைக்குள் சுவரிலிருந்து பல்லி அபியின் தோளில் விழுந்தது. இதை அவள் பின்னால் சொன்னாள். என் நெஞ்சு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. காரணமே இல்லாமல் அந்த நல்ல மனிதரைப் பார்த்து எனக்கு நடுக்கம் வந்தது. நூற்றி நாற்பத்தெட்டு.

“என்ன கண்ணு, மாமனைப் பாத்தா இத்தனை ஏறுது?” என்று ஒரு பெரியம்மா கேட்க, மாமா முதன்முறையாகப் பேச்சை நிறுத்திவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். கூடம் குலுங்கியது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டிவியைப் பார்த்தேன். அப்போதுதான் பச்சைக் கோட்டைக் கவனித்தேன்.

அது அறுபத்தைந்தில் நின்றது. நான் உள்ளே வந்தபோதும், காபி கொடுத்தபோதும், கூடமே சிரித்தபோதும் அறுபத்தைந்துதான். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் சித்தி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தாள். “ஏன்டா, புடிச்சுத்தானே வந்தே?” என்று பிரேமலதா அம்மாள் தாழ்ந்த குரலில் மகனைக் கேட்டது எனக்குக் கேட்டது. திருக்குமரன் குனிந்து காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மாத டீயும் பன்னும் அறுபத்தைந்துதானா? நிஜமான இதயம் வைத்திருப்பவர். அது பொய் சொல்லாது. அந்த நேரம் பார்த்து, உள்ளே அபி உற்சாகமாக அடுத்த சுற்றுத் தோப்புக்கரணத்தை ஆரம்பித்துவிட்டாள். நெஞ்சு நாதஸ்வரத்துக்குப் பின்னால் தவில் மாதிரி கொண்டாடிக்கொண்டிருந்தது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கோடு நூற்றிப்பத்தில் துள்ளியது. அந்தத் துள்ளலுக்கு நடுவில் என் துக்கம் யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்கு இருந்தது. அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது?

“ரெண்டு பேரும் கொஞ்சம் தனியாப் பேசட்டும்,” என்றார் பிரேமலதா அம்மாள். அதற்குப் பால்கனியில் நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அபியின் அறையிலிருந்து நாலு எட்டு. ஆனால் சுரேந்திரன் மாமா போன மானத்தை மீட்கும் அவசரத்தில், “பால்கனியில என்னுங்க பேசறது, நாம அத்தனை பேரும் பாத்துட்டு! மொட்டை மாடிக்குப் போங்க கண்ணு, நல்லாக் காத்து வரும்,” என்று கதவையே திறந்துவிட்டார். மறுத்தால் சந்தேகம் வரும். ஏறினோம்.

கடைசிப் படியில் தொடர்பு விட்டது. தவில் நின்றது. ஏரி திரும்பி வந்தது.

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் மருதமலை தெரிந்தது. இருவரும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றோம். என் நெஞ்சில் அசைவே இல்லை. ஆனால் உள்ளங்கை இரண்டும் நனைந்திருந்தன, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. வயிற்றுக்குள் லிஃப்ட் இறங்குவதுபோல இருந்தது. இழந்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருக்கிறேன். இதை யாரும் எனக்கு இரவல் தரவில்லை.

“உங்களுக்குப் பிடிக்கலைன்னா கீழ நானே சொல்லிடறேன்,” என்றேன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு. அங்க ஓடின சிவப்புக் கோடு என்னோடது இல்ல. என் தங்கச்சியோடது. அவளுக்குக் காய்ச்சல் இல்ல, தோப்புக்கரணம் போட்டுட்டிருக்கா. எனக்குத் துடிக்கிற இதயமே கிடையாது. நான் மோட்டார்.”

சொல்லிவிட்டுத் துணிகளைப் பார்த்தேன். திரும்பினால், அவர் தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு ஊம்ம்னு சத்தம் வருதில்ல? உங்க லேப்லயும் வந்துச்சு. ஃப்ரிட்ஜுன்னு நெனச்சேன். பேக்கரியிலயும் வந்துச்சு. அங்கயும் ஃப்ரிட்ஜ் இருந்துச்சு.” சுற்றிலும் பார்த்தார். “மொட்டை மாடியில ஏதுங்க ஃப்ரிட்ஜு?”

“கோபம் வரலியா?”

“நான் எந்த மூஞ்சியோட கோபப்படறது?” என்று பிடரியைத் தடவிக்கொண்டார். “போன வருஷம் ஒரு எடத்துல துடிப்புப் பாக்கப் போனோம். எனக்கு நூத்தி அம்பது போயிருச்சு. பொண்ணுக்காக இல்லைங்க, அவங்க வீட்டு நாயி கட்டுத்தறியில இல்ல. அவங்கப்பா தனியாக் கூப்பிட்டு, தம்பி ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கன்னு சொன்னாரு. இங்க உங்களைப் பாத்தா எத்தனை போகுமோன்னு பயமாயிருச்சு. காலையில துடிப்பை அடக்கற மாத்திரை ஒண்ணு போட்டேன். போதாதுன்னு வாசல்ல வந்து இன்னொண்ணு.”

“ரெண்டு மாத்திரையா!”

“அதான் காபித் தம்ளரைத் தூக்கவே கையி வரலைங்க.”

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஓடுகிற துடிப்பை அடக்கிவிட்டு வந்திருக்கிறார். நான் இல்லாததை ஓட்டிக்காட்டினேன். கீழே ஏழெட்டுப் பேர் மிக்சர் சாப்பிட்டபடி எங்கள் இருவரையும் எடை போட்டார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “தப்பா நெனைக்காதீங்க. நாங்க பம்பு கேக்கறது இப்படித்தான். நுனியை பம்பு மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சா உள்ள ஓடறது அத்தனையும் கேக்கும். நீங்களே புடிச்சுக்குங்க.”

நுனியை நானே என் கழுத்துக்குக் கீழே காறை எலும்பில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து கைப்பிடியில் காதை வைத்தார். அவருடைய தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. மாத்திரை போட்டும் காது மடல் சிவந்திருந்தது.

“பேரிங் பட்டு மாதிரி இருக்குதுங்க,” என்றார். பிறகு, “இப்பச் சத்தம் மாறுது.”

“கெட்டுப்போச்சா?”

“இல்லைங்க. லோடு ஏறுது. பம்பு தானாத் தண்ணியை உண்டாக்குமா? வர்றதைத்தான் தள்ளும். கிணத்துல ஊத்து அதிகமானா சத்தம் இப்படித்தான் கனக்கும். உங்களுக்குள்ள எங்கிருந்தோ நெறைய வருது.”

ஜெசிந்தா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. தேங்கி நிற்கும் ரத்தம், இறுகும் குழாய்கள். மூன்று வருடமாக நான் பம்பைத் தட்டித் தட்டி, ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஊற்று வேறெங்கோ இருந்திருக்கிறது. கையிலும் காலிலும் வயிற்றிலும், நான் தேடிப் பார்க்காத இடங்களிலெல்லாம்.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

நாங்கள் மறந்துவிட்டோம். என் பட்டை எங்கிருந்தாலும் டிவிக்குச் சொல்லிவிடும். கீழே சிவப்புக் கோடு நூற்றிப்பத்திலிருந்து ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்து, தரையோடு தரையாக ஓடியிருக்கிறது. “பொண்ணு போயிருச்சு!” என்று முதலில் கத்தியவர் சுரேந்திரன் மாமாதானாம். மொத்தக் கூட்டமும் மாடியில் வந்து நின்றது. என் அம்மா நெஞ்சில் கைவைத்தபடி, பெரியம்மா கையில் மிக்சர்த் தட்டோடு. எல்லாருக்கும் முன்னால் காய்ச்சல்காரி அபி, மூச்சிரைக்க. அவள் வாசலைத் தாண்டியதுமே தவில் திரும்பவும் என் நெஞ்சில் இறங்கியது, நூற்றைம்பதில்.

பிரேமலதா அம்மாள் என்னைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தார். மகனின் காதைப் பார்த்தார். அபியின் கையில் இருந்த பட்டையைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

“நாடி இல்லாத பொண்ணா?” என்றார் மெல்ல.

“ஆமாங்க அத்தை,” என்றேன். அத்தை என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. “முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லலை.”

“இவங்களே சொல்லிட்டாங்கம்மா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே,” என்றார் திருக்குமரன். “நானும் மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“அது எனக்குத் தெரியும். அட்டை கார் சீட்டுல கெடந்துச்சு,” என்றார் அவர், என் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா என் பக்கம் ஓரடி வைத்து நின்றாள். என் நெஞ்சுக்குள் அபி தடதடத்துக்கொண்டிருந்தாள்.

“அபி, அதைக் கழட்டுடி,” என்றேன்.

“அக்கா...”

“கழட்டு.”

கழற்றினாள். தவில் நின்றது. திருக்குமரன் காதை எடுக்கவில்லை, நானும் நுனியை எடுக்கவில்லை.

“இப்பத்தான் நல்லா ஏறுது,” என்றார்.

“எது ஏறுது?” என்றார் பிரேமலதா அம்மாள்.

“ஊத்தும்மா.”

அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, மகனின் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

“தள்ளுடா. உனக்கென்ன தெரியும் சத்தம் பாக்க?” கைப்பிடியை முந்தானையில் துடைத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். திரும்பி, “எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க,” என்றார்.

பெரியம்மா மிக்சரை மெல்லுவதைக்கூட நிறுத்தினார். எனக்குக் கை வேர்த்துக்கொண்டே இருந்தது.